மூன்றாவது பெயர்

பள்ளி ஆண்டு மலருக்காக ஆசிரியர்கள் எல்லோரும் தங்களுக்கு எக்காலத்துக்கும் பிடித்த மூன்று விளையாட்டு வீரர்களின் பெயர்களை எழுதித் தர வேண்டியிருந்தது. கடத்தூரில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கும் ரேவதி முதல் இரண்டு பெயர்களை யோசிக்காமல் எழுதினாள். இருவரையும் நாடே அறியும். பிறகு பேனாவைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டு, 'சின்னக்கா, வத்தல்மலை' என்று எழுதினாள்.

கணக்கு வாத்தியார் மாதேஷ் எட்டிப் பார்த்தார். "இது யாருங்க டீச்சர்? கேள்விப்பட்டதே இல்லைங்களே."

"என்கூட ஓடுனவ சார். அவள மாதிரி ஓடி நான் யாரையும் பாத்ததில்ல."

"அப்ப ஒரு போட்டோ வாங்கிட்டு வந்துருங்க. மலர்ல போட்டுரலாம்."

சனிக்கிழமை மலைக்குப் பஸ் ஏறினாள். இருபத்திரண்டு வருடங்களாக அவள் இந்தப் பக்கம் வந்ததில்லை.

பள்ளி நாளில் மாவட்ட ஓட்டப் போட்டித் தேர்வு நடந்த அன்று சின்னக்காவிடம் பை கிடையாது. பிறப்புச் சான்றிதழை மடித்து, "நீ வெச்சிருடி" என்று ரேவதியிடம் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு எண்ணூறு மீட்டர் ஓடினாள். இரண்டாவதாக வந்த ரேவதி கோட்டைத் தொட்டபோது அவள் மூச்சு வாங்கி முடித்து உட்கார்ந்திருந்தாள். மாநிலப் போட்டிக்கு ஒருத்திதான் போக முடியும். சான்றிதழ்களைக் கேட்டு மைக்கில் கூப்பிட்டபோது, ரேவதி மேடைக்குப் பின்னால் கழிப்பறையில் கதவைத் தாழிட்டு நின்றிருந்தாள். வெளியே சின்னக்கா அவள் பெயரைச் சொல்லித் தேடி அலைந்த குரல் கேட்டது. முன்பே சான்றிதழ் கொடுத்துவிட்ட ரேவதியின் பெயரைப் பட்டியலில் எழுதியதாக மைக்கில் சொன்ன பிறகுதான் கதவைத் திறந்தாள். காகிதம் எங்கேயோ விழுந்துவிட்டது என்று அழுதாள். சின்னக்காதான் அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள். மாநிலப் போட்டியில் கிடைத்த மூன்றாமிடம் பின்னாளில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இந்த வேலையை வாங்கித் தந்தது.

ரேவதி போய்ச் சேர்ந்தபோது சின்னக்கா களத்தில் சாமை தூற்றிக்கொண்டிருந்தாள். உடம்பு வற்றியிருந்தது. முன்பற்களில் ஒன்று இல்லை. பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள்.

"வாங்க டீச்சர். இவ்ளோ தூரம் வந்திருக்கீங்க, வூட்ல எல்லாரும் சௌக்கியங்களா?"

அந்த 'வாங்க' ரேவதியைச் சுட்டது. ஆண்டு மலரைப் பற்றிச் சொன்னாள். தனக்குப் பிடித்தவர்களில் அவள் பெயரையும் எழுதியிருப்பதாகச் சொன்னாள். சின்னக்கா முறத்தைக் கீழே வைக்காமல் கேட்டாள்.

"எம் பேர ஏன் போட்டீங்கன்னு அதுல எழுதுவீங்களா?"

"நீ நல்லா ஓடுவன்னு..."

"அவ்ளோதானா?"

ரேவதி தோள்பையின் வாரைச் சரிசெய்தாள்.

"காயிதம் உங்க பையிலதான் இருந்துச்சு. அன்னிக்குத் திரும்பறப்ப நீங்க பஸ்ல தூங்கனப்போ பாத்தேன். கணக்கு நோட்டுக்குள்ள."

"அப்பவே ஏன்டி கேக்கல?"

"கேட்டுட்டு? நாளைக்கு யாருகூட ஓடறது? எனக்கு நீங்க ஒருத்திதான் சேக்காளி." முறத்தில் ஒட்டியிருந்த உமியைத் தட்டினாள். "அப்பறம் எங்கப்பா ஓட வுடல. அடுத்த மாசமே கட்டிக் குடுத்துட்டாங்க."

"தப்புதான். அதுக்காகத்தான் இப்ப..."

"இப்ப எழுதுனா உங்களுக்குத் தூக்கம் வரும். எனக்கு என்னங்க வரும்?" குரலில் கோபம்கூட இல்லை. "போட்டோ எல்லாம் வேணாங்க. பேரையும் அடிச்சிருங்க. எம் பொண்ணு படிக்கறா. அவ அதப் பாத்துட்டு, நீ ஏம்மா டீச்சர் ஆவலன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

கீழே பஸ்ஸின் ஹாரன் இரண்டு முறை கேட்டது. அடுத்த பஸ் சாயங்காலம்தான்.

"போங்க, பஸ்ஸு போயிரும்" என்றாள் சின்னக்கா. முறத்தைத் தலைக்கு மேலே உயர்த்திச் சாமையைச் சரித்தாள். மணி காலடியில் குவிந்தது. உமி காற்றில் எழுந்து ரேவதியின் முகத்திலும் முடியிலும் புடவையிலும் படிந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள், நகரவில்லை. சின்னக்கா அடுத்த முறத்தை அள்ளினாள்.