பாதி சுரண்டிய கம்பி

மோட்டார் சுற்றவில்லை. இந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்தது, அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்தது, சோறு வேண்டாம் என்று அடம்பிடிக்கிற குழந்தை மாதிரி தலையை ஆட்டிவிட்டு நின்றுபோனது. விரலால் தட்டிவிட்டேன். மறுபடி அதே ஆட்டம்.

நான் ஒரு பள்ளிக்கூடத்து இயற்பியல் லேப்பில் தற்காலிக உதவியாளர். அந்த வேலையை நிரந்தரம் செய்வதற்கு ஒரு தேர்வு வைத்தார்கள். சின்ன மோட்டார் ஒன்றை வீட்டிலேயே செய்து எடுத்துவர வேண்டும். அதை ஓட்டிக் காட்டி, எந்த விசை எங்கே வேலை செய்கிறது என்று நியூட்டன் விதிகளை வைத்து விளக்க வேண்டும். ஓடாத மோட்டாருக்கு மார்க் கிடையாது. எனக்கு வேலையும் கிடையாது, அவ்வளவுதான். விடுமுறை முடிந்ததும் வேறு யாராவது என் மேசையில் உட்காருவார்கள்.

எதிரே தேர்வாளர் அம்மாள் நின்றுகொண்டிருந்தார். பள்ளிக்கூடம் முழுக்க அவருக்குக் கறார் மேடம் என்றுதான் பெயர்.

"என்ன, ஓடலையா?"

"நேத்து ராத்திரி ஜம்முனு ஓடிச்சு மேடம்."

"நேத்து ஓடினதுக்கு நான் இன்னிக்கு மார்க் போட முடியுமா? நேரம் இருக்கு, பாருங்க."

பார்த்தேன். பேட்டரி சரி. பேட்டரியின் இரண்டு பக்கமும் நிற்க வைத்த ஊக்குகள் சரி. காந்தம் அடியில் ஒட்டியபடியே இருந்தது. செம்புக் கம்பிச் சுருளைத் தூக்கி அதன் முனையை வெளிச்சத்தில் பிடித்தேன். பளபளவென்று சுற்றிலும் மின்னியது. ஐயோ!

அந்தக் கம்பியின் மேல் மெல்லிய வார்னிஷ் பூச்சு உண்டு. அது இருக்கிற இடத்தில் மின்சாரம் பாயாது. ஒரு முனையில் முழுவதையும் சுரண்டி, மறுமுனையில் பாதிச் சுற்றை மட்டும் சுரண்டி வைத்திருந்தேன். இப்போது மீதிப் பாதியில் இருந்த பூச்சையும் காணோம். யார் வேலை என்று யோசிக்கவே வேண்டியதில்லை. என் வீட்டுக்காரர் பெயிண்டர். பழைய பூச்சு துளி மிச்சமிருந்தாலும் புதுசு நிற்காது என்று கதவு கதவாக உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற மனிதர். காலையில் நான் குளிக்கப் போன நேரத்தில் இது கண்ணில் பட்டிருக்கிறது. அடப்பாவி மனுஷா, ஊரில் உனக்குக் கதவே கிடைக்கவில்லையா!

மனசுக்குள் திட்டித் தீர்த்ததும் மூளை வேலை செய்யத் தொடங்கியது. பக்கத்து மேசையில் தேர்வு எழுத வந்த பெண்ணின் நகங்கள் புதுச் சிவப்பில் இருந்தன.

"மேடம், அவங்ககிட்ட நெயில் பாலிஷ் இருந்தா வாங்கிக்கலாமா?"

கறார் மேடம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இந்த நேரத்துல அலங்காரமா?"

"கம்பிக்கு மேடம்."

அவர் தலையசைத்தார். அந்தப் பெண், பாவம், கேட்ட மாத்திரத்தில் பையைத் துழாவி எடுத்துக் கொடுத்தாள். சுருளைச் செங்குத்தாகப் பிடித்து, முனையின் மேல்பாதியில் மட்டும் பாலிஷைத் தடவி, காயட்டும் என்று ஊது ஊதென்று ஊதினேன். தலை கிறுகிறுத்தது. பிறகு ஊக்குகளில் மாட்டி லேசாகத் தட்டினேன்.

சுற்றியது! கம்பியே கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றியது. என் வயிற்றில் பாலை வார்த்தது.

"நல்லது. முழுசா சுரண்டியிருந்தப்ப ஏன் சுத்தல?" என்று கேட்டார் மேடம்.

"சுருளோட மேல்பக்கத்தைக் காந்தம் ஒரு திசையில தள்ளுது, கீழ்பக்கத்தை எதிர்த் திசையில தள்ளுது. அதனால திரும்புது. ஆனா அரைச் சுற்று போனதும் மேல இருந்தது கீழ வந்துடும். கரண்ட் அப்பவும் பாய்ஞ்சா, போன வழியே திருப்பித் தள்ளிடும். அதான் தலையாட்டிக்கிட்டே இருந்துச்சு."

"பாதியில கரண்ட்டே இல்லையே. அப்ப யாரு தள்றா?"

"யாரும் தள்ளல மேடம். ஓடற பொருள் தடுக்கற வரைக்கும் ஓடும், முதல் விதி. அந்தப் பாதியை அது வந்த வேகத்துலயே தாண்டிடுது."

"காந்தம் சுருளைத் தள்ளுது, சரி. சுருள் சும்மா இருக்குமா?"

"அதுவும் அதே அளவு காந்தத்தைத் திருப்பித் தள்ளுது. காந்தம் பேட்டரியோட ஒட்டியிருக்கு, பேட்டரியை டேப் போட்டு மேசையில ஒட்டியிருக்கேன். மேசை அசையாது. சுருள்தான் லேசு, அதான் அது ஓடுது."

மேடம் குனிந்து மார்க் போட்டார். நிமிர்ந்தபோது அந்த முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன், சத்தியமாக. "லேப் சாவியை நீங்களே வெச்சுக்கோங்க. இனிமே அது உங்க பொறுப்பு" என்றார்.

கேட் வாசலில் என் வீட்டுக்காரர் வண்டியோடு நின்றிருந்தார். சட்டையெல்லாம் வெள்ளைப் பெயிண்ட். நான் வாயைத் திறப்பதற்குள், "ஓடிச்சா?" என்றார்.

"ஓடாமப் போயிருக்கும்! கம்பி முனையைத் தேய்ச்சீங்களா?"

"ஆமா. அரைகுறையா இருந்துச்சு, சுத்தமாக்கி வெச்சேன். ஏன்?"

மூச்சுவிடாமல் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் முகம் வெளுத்தது. வண்டியை ஸ்டாண்ட் போடக்கூட மறந்து, அதைப் பிடித்தபடியே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப என்னாலயே உன் வேலை போயிருக்குமா?"

வழி நெடுகச் சேர்த்து வைத்திருந்த திட்டெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்தேன்.

"போகலைங்க. கிடைச்சிடுச்சு" என்றேன். அதை வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் எனக்கே நம்பிக்கை வந்தது. தெருவென்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன்.