ஞாயிற்றுக்கிழமைக் கடல்

ததேயுஸ் சாகக் கிடந்தார். மகன் பெனின் நடுக்கடலில் கிடந்தான். இருவருக்கும் நடுவே மகள் ஜின்சியின் கருவி ஒன்று இருந்தது. அது போதும் என்றுதான் எல்லாரும் நம்பினார்கள்.

குளச்சலுக்கு மேற்கே அந்தக் கடற்கரை ஊரில் முதன்முதலாக எம்.இ. படிக்கப் போனவள் ஜின்சி. செல்போன் எட்டாத கடலுக்கு எழுத்துச் செய்தி அனுப்புவது அவளுடைய ஆராய்ச்சி. செய்தியைத் துண்டுகளாக்கிப் பல அலைவரிசைகளில் ஒரே சமயத்தில் அனுப்ப வேண்டும். போகிற வழியில் ஒவ்வோர் அலையும் எப்படிக் கோணும் என்று முன்பே அளந்து, அதற்கு எதிராகக் கரையிலேயே வளைத்து அனுப்பினால் படகில் நேராகப் போய்ச் சேரும். அளவு சரியாக இருக்கும்வரை அருமையான வித்தைதான். வழி மாறிவிட்டால் வளைத்ததே வினையாகிவிடும். வளைக்காமல் அனுப்பியிருந்தாலாவது ஏதோ கொஞ்சம் புரிந்திருக்கும்.

அளவெடுத்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில். அவளுக்குக் கல்லூரி இல்லாத நாள் அது. அண்ணனுக்கும் அன்றுதான் ஓய்வு. ஞாயிற்றுக்கிழமை தொழிலுக்குப் போனால் ஊர் சும்மா விடாது. பூசை முடிந்ததும் பெனின் துறைமுகத்தில் கட்டிக் கிடந்த படகில் போய் உட்காருவான். கரையிலிருந்து அவள் அர்த்தமில்லாத சோதனை எழுத்துகளை அனுப்புவாள். எழுத்து வந்ததும் பச்சைப் பொத்தானை அமுக்க வேண்டும், அவ்வளவுதான் அவன் வேலை. ‘வழி துல்லியமாகத் தெரியும் என்று கொள்வோம்’ என்று ஆய்வறிக்கையில் எழுதினாள். பேராசிரியரும் தலையாட்டினார். கட்டிப்போட்ட படகை அளந்ததற்கே இத்தனை பெருமை!

படகிலிருந்த பழைய வயர்லெஸ்ஸின் ஆன்டெனாவைக் கழற்றச் சொன்னதும் அவள்தான். கம்பத்தில் ஒன்றுக்குத்தான் இடமிருந்தது.

ததேயுஸுக்கு ஈரல் கெட்டு, ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள். கிறிஸ்துமஸ் வரை தாங்கும் என்ற தைரியத்தில்தான் பெனின் கடலுக்குப் போயிருந்தான். புதன்கிழமை மத்தியானம் அவருக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது.

"பெனின் எங்க மோளே? அவன ஒருக்கா பாக்கணும்."

ஜின்சி ஓடிப்போய் அனுப்பினாள்: அப்பாவுக்கு முடியவில்லை, உடனே வா. சற்று நேரத்தில் கரைக்கருவியில் பச்சை விளக்கு எரிந்தது. அண்ணன் பொத்தானை அமுக்கிவிட்டான்! வந்த வேகத்தில் அப்பாவின் காதருகே குனிந்தாள்.

"அண்ணனுக்கு செய்தி கிட்டிச்சுப்பா. வாறான்."

அந்த முகம் தெளிந்ததைப் பார்த்து அவளுக்கே அழுகை வந்தது. அதன் பிறகு அவர் வாசலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மருமகள் குளோரி கரண்டியில் தண்ணீர் கொண்டுவந்தபோது உதட்டை இறுக்கிக்கொண்டார்.

"அவன் வரட்டு. அவன் கையால குடிக்கேன்."

இருட்டியது. "வந்தானா?" என்றார். "இப்பம் வந்திருவாம்ப்பா" என்றாள் ஜின்சி. விடியும் முன்னே அவர் போய்விட்டார்.

காலையில் பெனினின் படகு கரைக்கு வந்தது. ஒரு படகும் தொழிலுக்கு இறங்காததைக் கண்டதுமே ஊரில் சாவு என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. யார் வீட்டில் என்றுதான் தெரியவில்லை. அப்பாவுக்கென்று எடுத்துவைத்த நெய்மீனைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். தங்கை கரையில் நின்றாள்.

"ஆரு மக்கா போனது? நேத்து நீ அனுப்புன டெஸ்ட்டு கிட்டிச்சு கேட்டியா. புதன்கிழமையும் உண்டோன்னு நெனச்சேன். ஒடனே பச்சைப் பொத்தான அமத்திட்டேன்."

ஜின்சி படகில் ஏறிப் பார்த்தாள். அவள் அனுப்பிய சொற்களில் ஒன்றுகூடத் திரையில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை எழுத்துகளைப் போலவே எல்லாம் கலைந்து கிடந்தன. அலையில் ஆடி ஓடிக்கொண்டிருந்த படகுக்கு, அசையாமல் கிடந்த படகின் அளவை வைத்து வளைத்து அனுப்பியிருக்கிறாள். படகிலேயே உட்கார்ந்து அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மீன் மணலில் கிடந்தது.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து எல்லாரும் போன பிறகு பெனின் தங்கையிடம் கேட்டான்.

"நான் வாறேன்னு அப்பாட்ட சொன்னியா?"

"சொன்னேன்."

"நம்புனாரா?"

"நம்புனாருண்ணா. தண்ணிகூட குடிக்கல்ல."