சாவியை விழுங்கிய அப்பா

எங்கள் மழலையர் பள்ளியில் கதை நேரம் என்றால் நான் கதை சொல்லும் நேரம் இல்லை. பிள்ளைகள் சொல்வார்கள், நான் எழுதுவேன். எனக்கு ஒரே ஒரு விதிதான்: சொன்னது சொன்னபடி எழுத வேண்டும். யானை முட்டை போட்டது என்றால் போட்டதுதான், திருத்தக் கூடாது. குழந்தை பாதியில் நின்றுவிட்டால் "அப்புறம்?" என்று கேட்கலாம். கேட்டால் ஏதாவது ஒன்று வந்தே தீரும். வந்ததும் வாய் நிறையப் பாராட்ட வேண்டும். பிறகு எல்லாரும் சேர்ந்து அதைப் பாயில் நடிப்பார்கள். வாயைத் திறக்காமல் வந்து சேர்கிற பிள்ளைகள் வருஷக் கடைசியில் காது வலிக்கிற அளவுக்குப் பேசுவார்கள். பதினோரு வருஷமாக இதைச் செய்கிறேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

வெள்ளிக்கிழமை தோறும் கதை நோட்டு வீட்டுக்குப் போகும். பெற்றோரும் படிக்கட்டும் என்று அந்த ஏற்பாட்டைச் செய்தவளே நான்தான். இப்போது யாரைக் குறை சொல்ல?

குண்டூசிக்கு நாலே கால் வயது. அவள் உடம்பைப் பார்த்து எங்கள் ஆயா வைத்த பெயர் அது. சேர்ந்த முதல் மூன்று மாதம் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாவும் அப்பாவும் பிரிந்து வழக்கு நடந்துகொண்டிருந்தது. மற்ற நாளெல்லாம் அம்மாவிடம், சனிக்கிழமை மதியத்திலிருந்து ஞாயிறு வரை அப்பாவிடம். அப்பா லிஃப்ட் மெக்கானிக். சனிக்கிழமை அரை நாள் பள்ளி விடுகிற நேரத்துக்குச் சோப்பு வாசனையோடு கேட்டில் நிற்பார். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் நகக்கண்ணில் கிரீஸ் இருக்கும்.

நாலாவது மாதம் ஒருநாள் அவளாகவே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னாள். "ஒரு அப்பா. அவரு பாப்பாவ அலமாரிக்குள்ள வெச்சாரு. ஒரே இருட்டு."

அந்த வாரம் வகுப்பில் அலமாரி ஜுரம். கேப்டன் என்று நாங்கள் கூப்பிடும் பையன் திங்கட்கிழமை ஒரு ஓநாயை அலமாரிக்குள் தள்ளிக் கைத்தட்டல் வாங்கினான். அதற்குப் பிறகு ஆட்டுக்குட்டி, டாக்டர், ரயில் எஞ்சின் என்று எல்லாம் அதற்குள் போயின. பிள்ளைகள் அப்படித்தான், எது எடுபடுகிறதோ அதைச் சுட்டுக்கொள்வார்கள். எனக்கோ அவள் பேசிவிட்டாளே என்று தலைகால் புரியவில்லை. தூக்கிவைத்துக் கொஞ்சினேன். நோட்டில் நட்சத்திரம் ஒட்டினேன்.

அவள் அம்மா அந்தப் பக்கத்தை செல்போனில் படம் பிடித்து வக்கீலிடம் கொடுத்துவிட்டாள். நான் கேட்டபோது அழுதாள்.

"நான் ஒண்ணும் பொய் சொல்லல டீச்சர். நோட்டுல இருந்ததத்தான் குடுத்தேன். உங்க பொண்ணா இருந்தா நீங்க சும்மா இருப்பீங்களா?"

இருக்க மாட்டேன். அதனால் அவள்மேல் எனக்குக் கோபம்கூட ஒழுங்காக வரவில்லை.

கோர்ட்டு ஆலோசகர் குழந்தையோடு பேச நாள் குறித்தார். தெரிந்த முகம் பக்கத்தில் இருக்கட்டும் என்று என்னையும் கூப்பிட்டார்கள். சின்ன அறை, ஒரு மேசை, காது பிய்ந்த கரடி பொம்மை. ஆலோசகர் அம்மாள் நல்லவர்தான். குரலில் தேன் ஒழுகியது.

"அப்பா உன்ன அலமாரிக்குள்ள வெச்சாராமே கண்ணு?"

குண்டூசி திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். நான் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டேன்.

"வெச்சாரு" என்றாள்.

"அப்புறம்?"

வகுப்பில் நான் கேட்கிற அதே கேள்வி.

"பூட்டிட்டாரு."

"அப்புறம்?"

"சாவிய முழுங்கிட்டாரு. வயித்துக்குள்ள டிங் டிங்னு சத்தம் கேட்டுச்சு!"

சொல்லிவிட்டு முகமெல்லாம் மலர்ந்து என்னைப் பார்த்தாள். மூன்று மாதம் ஊமையாக இருந்த பிள்ளை. வேறு எந்த இடமாக இருந்தாலும் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்திருப்பேன்.

குழந்தையை வெளியே அனுப்பிய பிறகு அவர் எழுதிய தாளை எட்டிப் பார்த்தேன். அலமாரி இருந்தது, பூட்டு இருந்தது, சாவி இல்லை.

"சாவிய முழுங்கினத எழுதலையே மேடம்?"

"அது குழந்தையோட கற்பனைங்க."

"அப்ப அலமாரி?"

அவர் பேனாவை மூடினார். "இங்க பாருங்க, நான் ஒரு குழந்தைய பணயம் வைக்க முடியாது. நீங்க சொல்லுங்க, அவரு அப்படிச் செய்யலன்னு உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா?"

கேப்டனின் ஓநாயைச் சொன்னேன். அந்த வாரத்து நோட்டுகளை எல்லாம் தேதியோடு மேசையில் பரப்பினேன். பொறுமையாகப் பார்த்தார். "நிச்சயமாத் தெரியுமா?" என்று மறுபடியும் கேட்டார். அந்த வீட்டுக்குள் நான் ஒருநாளும் போனதில்லை. தெரியாது என்றேன்.

வெளியே பெஞ்சில் அவள் அப்பா குழந்தையின் மாற்றுத் துணிப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"டீச்சர், நான் இருக்கிறது ஒத்த ரூமு. அதுல அலமாரியே கிடையாது. துணியெல்லாம் கயித்துலதான் தொங்குது."

"அத உள்ள சொன்னீங்களா?"

"சொன்னேன். எப்ப வித்தீங்கன்னு கேக்குறாங்க."

என்னால் அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. "அவ இவ்ளோ நல்லாப் பேசுறாளே, எல்லாம் உங்களாலதான்" என்றார். மனிதர் அதை உண்மையாகவே சொன்னார்.

அடுத்த வாரம் உத்தரவு வந்தது. ஆறு மாதத்துக்கு அவர் குழந்தையைப் பார்க்கக் கூடாது, பள்ளிக்கும் வரக் கூடாது. பிறகு மறுபடி விசாரிப்பார்களாம்.

அதற்குப் பிறகு வந்த இரண்டாவது சனிக்கிழமை, மற்ற பிள்ளைகள் விளையாடப் போனபின் குண்டூசி என் மேசைக்கு வந்தாள்.

"அப்பா ஏன் வரல?"

"வேலை இருக்கும் கண்ணு."

"போன வாரமும் வரல. அந்த ஆன்ட்டிகிட்ட சொன்னதுக்கப்புறம்தான் வரல." விரலால் மேசையைத் தேய்த்துக்கொண்டே யோசித்தாள். "அவங்களுக்கு அந்தக் கதை புடிக்கலையா?"

நான் பதில் சொல்வதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"வேற மாதிரி சொல்றேன். அப்பா கதவத் தொறந்து பாப்பாவத் தூக்கிக்கிட்டாரு. பாப்பா சிரிச்சா. இப்ப ஆன்ட்டிக்கு போன் பண்ணுங்க."

பண்ணினேன். வராந்தாவுக்குப் போய் நின்று அவள் சொன்னதை அப்படியே சொன்னேன். ஆலோசகர் அம்மாள் முழுதும் கேட்டார், குறுக்கே பேசவில்லை.

"டீச்சர், உங்க மனசு புரியுது. ஆனா குழந்தை இப்ப மாத்திச் சொன்னா யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்கன்னுதான் எடுத்துப்பாங்க. அது அவருக்குத்தான் பாதகம். தயவுசெய்து இத எங்கயும் எழுதி வைக்காதீங்க."

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். குண்டூசி என் புடவைக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"புடிச்சிருந்துதா?"

வேறு என்ன சொல்வது? "ரொம்பப் புடிச்சிருந்துதாம்" என்றேன்.

அவள் ஓடிப்போய் ஷூவை எடுத்து வந்து, இடது வலது மாற்றிப் போட்டுக்கொண்டு, கேட்டுக்கு எதிரே படியில் உட்கார்ந்தாள்.