ஊசிக் காதிலிருந்து ஒரு முகம்

பல் மருத்துவமனையின் பின்னறையில், மதியச் சாப்பாட்டை மடியில் வைத்துக்கொண்டு கணினியில் படம் வரையக் கற்றுத்தரும் புதிய வீடியோ பாடத்தைத் தங்கை பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், செல்போன் திரையில் அக்காவின் முகம் உருவாகத் தொடங்கியது. ஓர் ஊசியின் காதிலிருந்து புறப்பட்ட நூல் நெற்றியாக வளைந்து, மூக்கின் நடுவில் ஒரு சிறு மேட்டில் ஏறி இறங்கி, உதட்டுக்கு வந்தது. வாயில் இருந்த கவளத்தை மெல்ல மறந்துபோனாள்.

“இது எங்கம்மா முகம்,” என்றது வாத்தியாரின் குரல். “அவங்கள நெனச்சு வரைஞ்சது. மூக்குல இந்த மேடு இருக்கு பாருங்க, அதுதான் படத்துக்கு உயிர்.”

அந்த மேடு, சின்ன வயதில் சைக்கிளிலிருந்து குப்புற விழுந்து அக்கா சம்பாதித்தது. தங்கைதான் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

மருத்துவமனை முகப்பில் தொலைபேசி எடுப்பதும், வீங்கிய கன்னத்தோடு வருபவர்களை வரிசையில் உட்காரவைப்பதும் அவள் வேலை. வாத்தியார் என்பது அக்காவும் அவளும் அவருக்கு வைத்த பெயர். அவர் முகத்தை அவள் பார்த்ததில்லை. திரையில் நகரும் அம்புக்குறியும் குரலும்தான் அவர். தொண்டையைச் செருமினால் அடுத்து கஷ்டமான இடம் வருகிறது என்று அவளுக்குத் தெரியும். “அவசரப்படாதீங்க தங்கச்சி, கோடு எங்கயும் ஓடிடாது” என்று அவர் சொல்லும்போது, எத்தனையோ பேர் பார்க்கும் வீடியோ என்பது மறந்து தன்னிடம்தான் சொல்கிறார் என்றே இருக்கும். பள்ளிக்கூடத்தில் யாரும் அவளிடம் அவசரப்படாதே என்று சொன்னதில்லை.

அக்கா ஆயத்த ஆடைத் தொழிற்சாலையை விட்டுவிட்டு, மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறையில் தையல் கடை போட முடிவு செய்தபோது, “போர்டு என் பொறுப்பு” என்றாள் தங்கை. வாரக்கணக்கில் வரைந்து அழித்தாள். அக்கா துணி வெட்டும்போது எதிரே உட்கார்ந்து பார்த்தாள். “என்னடி, பொண்ணு பாக்க வந்தவ மாதிரி மொறைக்கிற?” என்று அக்கா கேட்பாள். கடைசியில் ஒருநாள் கோடு தானாக அமைந்தது.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் வாத்தியாருக்கு அனுப்பினாள். ‘வரைஞ்சத அனுப்புங்க, திருத்தித் தர்றேன்’ என்று ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் சொல்பவர்தானே. மறுநாளே பதில் வந்தது. ‘நல்லா இருக்கு தங்கச்சி. மூக்க மட்டும் நேராக்கிடுங்க. மூல ஃபைலையும் அனுப்புங்க, புள்ளி எங்கெங்க வெச்சிருக்கீங்கன்னு பாக்கணும்.’ அவள் ஃபைலை அனுப்பிவிட்டு, ‘இது எங்கக்கா மூக்கு சார், அத மட்டும் மாத்த முடியாது’ என்று எழுதினாள். அதற்குப் பதில் இல்லை. வேலை அதிகமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

இப்போது வீடியோவின் அடியில் ‘இலவசமாக எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று அந்த ஃபைல் கிடந்தது. கீழே வரிசையாக வாழ்த்துகள். அம்மாவை நினைத்து அழுதுவிட்டதாக ஒருவர் எழுதியிருந்தார். ‘இது நான் வரைந்தது’ என்று அவளும் எழுதினாள். மாலை வேலை முடிந்து பார்த்தபோது அந்த வரி காணாமல் போயிருந்தது. தனியாக ஒரு செய்தி மட்டும் வந்திருந்தது.

‘தங்கச்சி, என் பாடத்தப் பாத்துதானே வரையக் கத்துக்கிட்டீங்க? அப்போ அது யாரோடது?’

பதில் எழுத முயன்றபோது, அவர் அவளை பிளாக் செய்திருந்தார்.

திட்ட வேண்டும் போலிருந்தது. ஆனால் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் குரலில்தான் தெரியும். மவுஸைத் தொட்டாலே ‘அவசரப்படாதீங்க’ என்று காதுக்குள் கேட்டது. திருடனை வீட்டைவிட்டு விரட்டலாம். வீட்டையே கட்டித்தந்தவன் திருடினால் எந்தக் கதவைச் சாத்துவது?

அக்காவிடம் காட்டினாள். அக்கா வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, “என் மூக்கப் புடுங்கி அவன் அம்மாவுக்கு ஒட்டிட்டானா?” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு இவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அக்கா இருக்கிறாள், அக்காவுக்குத் தெரியும். அது போதும் என்றிருந்தது.

சில நாள் கழித்து, கால்சட்டை சுருக்கக் கொடுத்த ஒரு பெண் போர்டை நிமிர்ந்து பார்த்தாள்.

“இது சும்மா கெடைக்கிற படம்தானே? என் மருமக காட்டினா.”

சட்டைப் பித்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த தங்கை, அக்காவைப் பார்த்தாள். அக்கா அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டே, “ஆமாங்க, சும்மா கெடைச்சதுதான்,” என்றாள்.

அந்தப் பெண் போனாள். ஒரு சட்டைக்கு முழுக்கக் காஜா எடுத்து முடித்துவிட்டுத்தான் தங்கை கேட்டாள்.

“ஏன்க்கா அப்பிடி சொன்ன?”

“வர்றவங்க கிட்டயெல்லாம் கதை சொல்லிட்டு நின்னா, தைக்கிறது யாரு?” அக்கா மிஷினை விட்டுத் தலை நிமிரவில்லை. “உண்மையச் சொன்னா மட்டும் நம்பிடப் போறாங்களா? காப்பியடிச்சிட்டு வாயடிக்கிறாங்கம்பாங்க.”

சரிதான். ஆனால் அந்த ‘ஆமாங்க’ எத்தனை சுலபமாக வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் பித்தானும் லைனிங் துணியும் வாங்க பேருந்தில் போனார்கள். சிக்னலில் நின்றபோது அக்கா அவள் முழங்கையை இறுகப் பிடித்தாள். சாலைக்கு அந்தப் பக்கம், முடி திருத்தும் கடை ஒன்றின் கண்ணாடி முழுக்க அந்த முகம். ஊசியை எடுத்துவிட்டுக் கத்தரிக்கோல் வைத்திருந்தார்கள்.

“எறங்கு,” என்றாள் அக்கா.

சண்டைக்குத்தான் போகிறாள் என்று எண்ணிப் பின்னாலேயே ஓடினாள் தங்கை. கதவைத் திறந்த பெண் இருவரையும் பார்த்துச் சிரித்தாள். “வாங்க, யாருக்கு வெட்டணும்?”

அக்கா கண்ணாடியில் ஒட்டியிருந்த மூக்கை ஒருமுறை பார்த்தாள். பிறகு, “எனக்குத்தான்,” என்று உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்து, கொண்டையை அவிழ்த்துவிட்டாள்.

தங்கை வாசலைத் தாண்டவில்லை. கண்ணாடியில் ஒட்டியிருந்த பெரிய கோடுகளுக்கு நடுவே, வெள்ளைத் துணி போர்த்திய அக்கா கண்களை மூடிக்கொண்டிருந்தாள். கடைக்காரப் பெண் ஈரமான முடியை இரண்டு விரல்களுக்கு இடையில் நீட்டிப் பிடித்து, எவ்வளவு வெட்ட வேண்டும் என்று ஏதோ கேட்டாள். அக்காவின் உதடுகள் அசைந்தன. அது தன் முகம் என்று சொன்னாளா, முடியின் அளவை மட்டும் சொன்னாளா என்று வெளியே கேட்கவில்லை.