கிரேன் இல்லாத படம்

என் வீட்டுக்காரருக்குக் கேமராவைக் கண்டால் ஆகாது. புகைப்படக்காரியைக் கட்டிக்கொண்டவர் என்றுதான் பேர். எங்கள் கல்யாண ஆல்பத்திலேயே, படத்துக்குப் படம் கண்ணை மூடிக்கொண்டு, யார் வீட்டுத் துக்கத்துக்கோ வந்தவர்போல நிற்பார். ஊரார் முகமெல்லாம் என் கடையில் இருக்கிறது, சொந்தப் புருஷன் முகம் மட்டும் இல்லை. கேட்டால், "தினமும் நேர்லதானே பார்க்குற, படம் வேற எதுக்கு?" என்பார். அன்றைக்கான பேச்சு அத்தோடு முடிந்துவிடும். ஊமை ஊரைக் கெடுக்கும் என்பார்கள். இவர் ஊரைக் கெடுக்கவில்லை, என் பொறுமையைத்தான் கெடுப்பார்.

அவருக்குத் துறைமுகத்தில் வேலை. எங்கள் துறைமுகம் சின்னது. கடலுக்குள் நீண்டு போகிற ஒரு மேடை, அதன் நுனியில் ஒரே ஒரு மஞ்சள் கிரேன். கப்பலிலிருந்து பெட்டிகளைத் தூக்கி லாரியில் வைக்கிற அந்தக் கிரேனின் உச்சியில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து அதை ஓட்டுகிறவர் இவர். எந்தத் தெருவிலிருந்து கடலைப் பார்த்தாலும் அந்தக் கிரேன்தான் முதலில் கண்ணில் படும்.

ஊர் அழகுக்குக் குறைச்சலில்லை. முன்னால் கடல், மற்ற பக்கமெல்லாம் மலை. ஆனால் படமெடுக்கப் போனால்தான் அதன் குணம் தெரியும். மலை தெளிவாகத் தெரிகிற அன்று கடல் மங்கிக் கிடக்கும். கடல் மினுக்குகிற அன்று மலை மேகத்தை இழுத்துப் போர்த்திக்கொள்ளும். மாமியாரும் மருமகளும் ஒரே நாளில் சிரித்த முகமாக இருக்க வேண்டுமென்று காத்திருப்பது மாதிரிதான்.

இப்படிப்பட்ட ஊரை ஒரே படத்தில் பிடித்துத் தரச் சொல்லிப் புதிதாகக் கட்டிய ஒரு ஓட்டலிலிருந்து வந்தார்கள். வரவேற்புக் கூடத்தின் சுவர் முழுக்க அந்தப் படம்தான் இருக்குமாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. பாஸ்போர்ட் படமும் பிறந்தநாள் படமுமாக எடுத்துக்கொண்டிருந்தவளுக்கு ஒரு முழுச் சுவர்.

செய்தியைச் சொன்னபோது இவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"அதுல கிரேன் வருமா?"

"வராம எங்க போகும்? மலை மேலேர்ந்து எடுத்தா நட்டநடுவுல வரும்."

"அப்ப நானும் வருவேன்."

கையில் கரண்டியோடு அப்படியே நின்றேன். இவர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தையா?

"அவ்வளவு தூரத்துல மூஞ்சி தெரியாதுல்ல. அதான்," என்றார். காது மடல் சிவந்திருந்தது. "கூண்டுல விளக்கைப் போட்டு வைக்கிறேன். நான்தான்னு உனக்குத் தெரியும்."

மலைப் பாதையில் பல விடியற்காலைகள் குளிரில் நின்றேன். கடைசியில் ஒரு நாள் மாமியாரும் மருமகளும் சமாதானமானார்கள். கணினியில் படத்தைப் பெரிதாக்கினேன். வெள்ளை வீடுகளுக்கு அப்பால், மஞ்சள் கிரேனின் உச்சியில், ஒரு கடுகளவு வெளிச்சம். இவர் திரைக்கு வெகு அருகில் முகத்தை வைத்து நெடுநேரம் பார்த்தார். மறுநாள் வேலை செய்கிற இடம் முழுக்கச் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. திறப்பு விழாவுக்கு லாரிக்காரர்கள் எல்லோரும் இஸ்திரி போட்ட சட்டையோடு வரப்போவதாகச் சொன்னார்.

ஓட்டல் மேலாளர் அம்மா படத்தைப் பார்த்து மயங்கித்தான் போனார். பிறகு சொன்னார்:

"ஒண்ணே ஒண்ணு. இந்தக் கிரேனை மட்டும் எடுத்துடுங்க. கண்ணுல குச்சி மாதிரி உறுத்துது."

"அது ஊர்ல இருக்கே மேடம்."

"ஊர்ல இருக்கட்டும். எங்க சுவர்ல வேண்டாம். மலையையும் கடலையும் பார்க்க வர்றவங்க இதையா பார்ப்பாங்க?"

கடைக்கு வந்து உட்கார்ந்தேன். அழிப்பது கஷ்டமில்லை. பக்கத்திலிருக்கும் கடலிலிருந்து கொஞ்சம் நீலத்தை எடுத்து மேலே பூச வேண்டும். ஒரு தம்ளர் டீ ஆறுவதற்குள் கிரேனின் கால்கள் போய்விட்டன. கூண்டுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. கல்யாணம் ஆனதிலிருந்து இந்த மனுஷன் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றுதான். அதன்மேல் நானே நீலத்தைப் பூசுவதா?

வீட்டுக்கு வந்து பக்கெட்டைத் திட்டினேன், கதவைத் திட்டினேன், மூடியில்லாத டப்பாவைத் திட்டினேன். இவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "என்ன ஆச்சு, சொல்லு" என்றார். சொன்னேன்.

தட்டில் மிச்சமிருந்ததை வழித்துச் சாப்பிட்டார். பிறகு, "எடுத்துடு. அவங்க சுவர், அவங்க இஷ்டம். உன் வேலை கெடக் கூடாது" என்றார். தட்டைக் கழுவி வைத்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். லாரிக்காரன் ஒருவனிடம் பேசுவது சமையலறை ஜன்னல் வழியாகக் காதில் விழுந்தது.

"இல்லடா, அவ வேற பக்கத்துலேர்ந்து எடுக்க வேண்டியதாப் போச்சு. கிரேன் வராது. வெளிச்சம் அப்படி. ஆனா படம் பிரமாதமா வந்திருக்கு. நீங்க எல்லாரும் வந்து பாருங்க, கிரேன் இல்லேன்னா என்ன."

பொய் சொல்லத் தெரியாத மனுஷன் எனக்காகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தார். பாத்திரத்தைப் போட்டுவிட்டு அழுதேன். அழுது முடித்ததும் புத்தி வேலை செய்தது. வேற பக்கம் என்றாரே, கிரேன் படத்தில் விழாத பக்கம் இந்த ஊரில் எது? நின்று யோசித்தால் ஒரே இடம்தான் இருக்கிறது.

துறைமுக அதிகாரியிடம் நடையாய் நடந்து அனுமதி வாங்கினேன். கப்பல் வராத ஒரு ஞாயிற்றுக்கிழமை, தலையில் ஹெல்மெட்டும் முதுகில் கேமராப் பையுமாக, இவருக்குப் பின்னால் கிரேனில் ஏறினேன். படிகளை எண்ணவில்லை. எண்ணியிருந்தால் பாதியிலேயே இறங்கியிருப்பேன். "கீழ பார்க்காத, என் செருப்பைப் பாரு," என்றார். வழி முழுக்க இவர் செருப்பைத் திட்டிக்கொண்டே ஏறினேன்.

மேலே போய்த் திரும்பிப் பார்த்தேன். கடல் நடுவில் நின்று ஊரைப் பார்க்கிற மாதிரி இருந்தது. காலடியில் தண்ணீர், அதற்கப்பால் படிப்படியாக வீடுகள், அவற்றைச் சுற்றி வளைத்துக்கொண்டு மலைகள். எங்களுக்குப் பின்னாலிருந்து எழுந்த சூரியன் மலையின் மடிப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தது. இத்தனை நாள் மலையில் நின்று தவம் கிடந்தவள் நான். இவரோ தினமும் உட்கார்ந்த இடத்திலேயே இதைப் பார்த்திருக்கிறார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நான் இதைப் பார்க்குறதில்லையே," என்றார். "அதோ, அந்த மணிக்கூண்டுக்கு இடப்பக்கம், ரெண்டாவது சந்து முனை. நீல ஷட்டர் தெரியுதா?"

தெரிந்தது. என் கடை.

"காலையில ரெண்டு கையாலயும் பிடிச்சுத் தூக்குவ. பாதியில அது சிக்கிக்கும். நின்னு மூச்சு வாங்கிட்டு மறுபடி தூக்குவ. அதைப் பார்த்துட்டுதான் நான் முதல் பெட்டியைத் தூக்குவேன். கீழ லாரிக்காரன் ஹாரன் அடிப்பான். அடிச்சுட்டுப் போறான்னு இருந்துடுவேன்."

கம்பியைப் பிடித்திருந்த இவர் கைமேல் என் கையை வைத்துக்கொண்டேன். அந்த மனுஷனை எனக்கு அவ்வளவு பிடித்தது.

அன்று படம் எடுக்கவில்லை. கூண்டுக்கு வெளியே இருந்த கம்பியில் கேமராவை இறுக்கிக் கட்டி, அளவெல்லாம் சரிசெய்து, பனியில் நனையாமல் பிளாஸ்டிக் உறை போட்டு மூடினேன்.

"நாளைக்கு நான் கடை திறக்குறப்ப நீங்க எடுங்க," என்றேன்.

"நானா? எனக்கு என்ன தெரியும்?"

"பெட்டி தூக்குறப்ப மூச்சைப் பிடிச்சுக்குவீங்கல்ல? அதே மாதிரி பிடிச்சுக்கிட்டு இந்தப் பொத்தானை அழுத்துங்க. எப்ப அழுத்தணும்னு உங்களுக்கே தெரியும்."

திங்கட்கிழமை மலையும் கடலும் ஒருசேர முகம் கொடுத்தன. கடை வாசலில் நின்று, கடலைத் திரும்பிப் பார்க்காமல், ஷட்டரைப் பிடித்தேன். பாதியில் சிக்கியது. நின்று மூச்சு வாங்கினேன். கல்யாணத்தன்றுகூட எனக்கு அப்படி வெட்கம் வந்ததில்லை.

புதுப் படத்தைப் பார்த்த மேலாளர் அம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடினார். "கிரேனை எப்படி இவ்வளவு சுத்தமா எடுத்தீங்க? அடையாளமே இல்லையே."

"கஷ்டந்தான் மேடம். மேல ஏற வேண்டியிருந்தது," என்றேன். என்ன புரிந்துகொண்டாரோ, தலையாட்டினார்.

திறப்பு விழாவுக்கு லாரிக்காரர்கள் சொன்னபடியே இஸ்திரிச் சட்டையோடு வந்து, சுவரின் முன்னால் வரிசையாக நின்றார்கள். கண்ணாடி போட்ட அந்தப் பெரிய படத்தை மேலும் கீழும் பார்த்தார்கள். ஒருவன் கேட்டேவிட்டான்.

"எல்லாம் இருக்கு. நம்ம கிரேன் எங்கண்ணே?"

"அது மேலதான்டா நீ இப்ப நிக்கிற," என்றார் இவர்.

அவன் தன் காலைக் குனிந்து பார்த்தான். பிறகு படத்தைப் பார்த்தான். ஒவ்வொருவராகப் புரிந்துகொண்டு, ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார்கள். இவர் முன்னால் போய், மணிக்கூண்டுக்கு இடப்பக்கம் ஒரு புள்ளியின்மேல் விரலை அழுத்தி வைத்தார்.

"இது உங்க அண்ணி. கடை திறக்குறா."

கண்ணாடியில் இவர் விரல் பதிந்துவிட்டது. தூரத்தில் நின்ற மேலாளர் அம்மா அதைப் பார்த்துவிட்டு, துணியை எடுத்துக்கொண்டு விரைந்து வந்தார். நான் குறுக்கே போய் நின்றேன்.

"இன்னிக்கு ஒரு நாள் அதைத் துடைக்காதீங்க மேடம்," என்றேன். "படத்தை எடுத்தவர் கை அது."