மச்சானின் மூன்றாவது குரல்

எங்கள் குடும்பத்தில் கரண்டில் ஓடும் எது நின்றுபோனாலும் முதல் போன் எனக்குத்தான் வரும். இஸ்திரிப் பெட்டி, கதவு மணி, துணி துவைக்கும் மெஷின். பாதியை ஒயரை ஆட்டிவிட்டே ஓடவைத்துவிடுவேன். மீதியைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவேன். அதற்கும் ஒரு மரியாதை உண்டு, டாக்டர்களிடம் கற்றுக்கொண்டது. "மாமா கை பட்டா ஓடும்" என்று எனக்கு ஒரு பேர். திருட்டின் மேல் கட்டிய பேர் அது. முப்பத்தேழு வருஷம் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

திருடிய பொருள் என் ஆள்காட்டி விரல் நீளம்கூட இல்லை. கறுப்பாக, இருபத்தெட்டுக் கால்களோடு, மல்லாத்திப் போட்ட மரவட்டை மாதிரி இருக்கும். அந்தக் காலத்து வீட்டுக் கம்ப்யூட்டர் என்றால் ஒரு தடித்த கீபோர்டுதான். மொத்த இயந்திரமும் அதற்குள்ளேயே. டிவியில் செருகினால் படம் வரும். அதில் ஒலிக்கென்று ஒரு சிப், அந்தச் சிப்புக்கு மூன்று குரல். ஒரே நேரத்தில் மூன்று சுரம் எழுப்பலாம், நாலாவதுக்கு ஆசைப்படக்கூடாது. அந்த மூன்றை வைத்துக்கொண்டு மேளம், தந்தி, குழல் எல்லாம் இருப்பதுபோல் காதை ஏமாற்றுவதுதான் சிப் இசை. உலகம் முழுக்க இதற்குப் பைத்தியங்கள் இருக்கிறார்கள். நான் அதில் வைத்தியன் வேஷம் போடுகிறவன்.

எனக்குப் பதினேழு வயதில் என்னிடம் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அடுத்த தெருவில் என்னைவிட இரண்டு வயது இளையவன் ஒருவனிடமும் அதே மாடல். ஒருநாள் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்பக்கத்தில் ஒயரைச் செருகினேன். செய்யவே கூடாத காரியம். புகை இல்லை, சத்தம் இல்லை; மூன்றாவது குரல் மட்டும் செத்துப்போயிற்று. பத்து நாளில் கம்ப்யூட்டர் சங்கத்தில் இசைப் போட்டி. புதுச் சிப்புக்கு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும் என்றார்கள். அடுத்த தெருக்காரன் அப்போது அதில் விளையாட்டு மட்டும்தான் ஆடுவான். அவன் என்னை உட்காரவைத்துவிட்டுக் கடைக்குப் போயிருந்த நேரத்தில் நாலு திருகைக் கழற்றி மூடியைத் தூக்கினேன். நெம்பினேன். அவன் சிப் என் சட்டைப்பைக்குள், என் செத்த சிப் அவன் இயந்திரத்துக்குள். போட்டி முடிந்ததும் திரும்ப மாற்றிவிடுவதாகத்தான் யோசனை.

போட்டியில் ஆறாவதாக வந்தேன். கலந்துகொண்டவர்கள் ஆறு பேர்.

அதற்குள் அவனுக்கும் இசை ஆசை வந்துவிட்டது. உட்கார்ந்து தட்டிப் பார்த்திருக்கிறான். இரண்டு குரல்தான் வருகிறது. அன்று காலையில்தான் இயந்திரம் ஓடும்போது ஜாய்ஸ்டிக்கின் ஒயரைப் பிடுங்கியிருந்தான். தானே எரித்துவிட்டதாக முடிவு கட்டி, நேராக அப்பாவிடம் போய்த் தானே சொல்லிவிட்டான். அவனுடைய யோக்கியத்தனம் என்னைக் காப்பாற்றியது. அவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார், பையனுக்குத் தெரிந்த ஒரே நிபுணன் என்று. நான் மூடியைத் திறந்து, என்னுடைய சிப்பை நானே கொஞ்ச நேரம் துக்கம் விசாரிப்பதுபோல் பார்த்துவிட்டு, "எரிஞ்சிடுச்சு சார்" என்றேன். அவர் மகனைப் பார்த்த பார்வைக்கு அந்த அறையில் இன்னும் நாலு பொருள் எரிந்திருக்க வேண்டும். அன்று அவனுக்கு 'ஃப்யூஸ்' என்று பேர் வைத்தார். அவன் அக்கா எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்தாள். இன்றைக்கும் அவள்தான் கொடுக்கிறாள். எட்டு வருஷம் கழித்து எங்களுக்குக் கல்யாணம் ஆயிற்று. அப்படித்தான் அவன் எனக்கு மச்சான் ஆனான். அதுவரை என்னை வாடா போடா என்றவன், அவன் அப்பாவின் உத்தரவுப்படி ஒரே நாளில் "வாங்க மாமா"வுக்கு மாறினான்.

இதோடு முடிந்திருந்தால் சின்னத் திருட்டு. பள்ளி முடிந்ததும் ஃப்யூஸ் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறேன் என்றான். தொட்டதை எரிக்கிறவனுக்கு எதற்கு அந்தப் படிப்பு என்று அவன் அப்பா, பல்செட் செய்யும் ஒரு உறவினரின் பட்டறையில் கொண்டுபோய் விட்டார். எலக்ட்ரானிக்ஸ் நான் படித்தேன். பட்டறையில் பல்லைத் தேய்க்க ஒரு சின்னச் சக்கரம் உண்டு. கொசுவைப் பெருக்கிக் காதுக்குள் விட்ட மாதிரி கத்தும். அதன் பக்கத்தில் முப்பத்துமூன்று வருஷம். போன வருஷம் காது டாக்டர் ஒரு கோட்டுப்படம் காட்டினார். படத்தின் இடப்பக்கம் தாழ்ந்த சுரங்கள், அங்கே சமவெளி; வலப்பக்கம் உச்ச சுரங்கள், அங்கே பள்ளத்தாக்கு. உச்ச சுரங்கள் ஏற்கெனவே போய்விட்டன, வலது காது கிட்டத்தட்ட முடிந்தது, இடது காது இன்னும் ஒரு வருஷம் தாங்கினால் பெரிது என்றார். பள்ளத்தாக்கின் ஓரத்தில் நான்தான் அவனைத் தள்ளியிருக்கிறேன் என்பது படத்தில் இல்லை.

இவ்வளவுக்கும் நடுவில் அந்த ஊமை இயந்திரத்தில் அவன் நாற்பது பாட்டுக்கு மேல் செய்தான். இரண்டே குரல். ஒரு குரலை மின்னல் வேகத்தில் மூன்று சுரங்களுக்கு இடையே ஓடவிட்டு, மூன்றும் ஒன்றாக ஒலிப்பதுபோல் காட்டுவான். இன்னொரு குரல் மேளம் அடிக்கும், அடிக்கு அடி இடைவெளியில் ஓடிப்போய் அடிச்சுரமும் பிடிக்கும். ஆள் பற்றாக்குறையான ஹோட்டலில் ஒரே ஆள் சமைத்துப் பரிமாறி மேஜையும் துடைப்பதுபோல. இணையத்தில் கேட்கிறவர்கள் வியந்து எழுதுவார்கள். அவனோ, "இருக்கறதை வெச்சுச் செய்யறேன்" என்று பதில் போடுவான்.

நாலு மாதத்துக்கு முன் அவன் அந்த இயந்திரத்தைத் துண்டில் சுற்றி எடுத்துவந்தான். என் பணியறை என்பது துணி துவைக்கும் மெஷினுக்குப் பின்னால் ஒரு மேஜை. உட்கார்ந்து, இடது காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு, எங்கேயாவது நல்ல சிப் கிடைக்குமா என்று கேட்டான். காது போவதற்குள் மூன்று குரலும் சேர்ந்து ஒருதரம் கேட்க வேண்டுமாம், இந்த இயந்திரத்திலேயே. லேப்டாப்பில் எமுலேட்டர் போட்டுத் தருகிறேன் என்றேன். பழைய இயந்திரம்போல அச்சாக நடிக்கும் நிரல் அது. மூன்று குரலும் பிசிறில்லாமல் வரும். போட்டுப் பார்த்துவிட்டானாம். நல்லாத்தான் இருந்தது, யாரோ நல்லவர் வாசிக்கிற மாதிரி, என்றான். "நான் எரிச்சது இதுல இல்லையா, இதுலதான் கேக்கணும்."

பார்க்கிறேன் என்றேன்.

அந்தச் சிப் செய்வதை நிறுத்தி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. கடல் கடந்து ஒருவரிடமிருந்து வரவழைத்தேன். வேறு ஏதோ சிப்பின் முதுகைச் சுரண்டி மேலே எண்ணை மட்டும் புதிதாக அச்சடித்திருந்தார். போட்டால் பேச்சே இல்லை. இன்னொன்று வந்தது, அதற்கு மூன்று குரலும் இருந்தது, மூன்றும் இருமிற்று. ஆக எனக்குத் தெரிந்து நல்ல சிப் ஒன்றே ஒன்றுதான். அலமாரியின் மேல்தட்டில், என் பழைய இயந்திரத்துக்குள், முப்பத்தேழு வருஷமாகச் சௌக்கியமாக இருந்தது.

ஒரு மத்தியானம் மாற்றினேன். போன தடவை இரண்டு நிமிஷம், இந்தத் தடவை ஒன்றரை மணி நேரம். கால் ஒன்று வளைந்தால்கூடப் போச்சு. அவனுடைய இயந்திரத்திலிருந்து வந்த என் செத்த சிப்பை மேஜை ஓரத்தில் ஒரு கிண்ணத்தில் போட்டேன். பொய்யும் தயார்: வேலையை விட்டு ஓய்வெடுத்த ஒரு டிவி மெக்கானிக், வீட்டைக் காலி செய்யும்போது சும்மாவே கொடுத்தார். மெக்கானிக்குக்கு மூட்டுவலி என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். எதற்கு மூட்டுவலி என்று கேட்காதீர்கள், பொய்க்கு உடம்பு வேண்டாமா.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தான். ஓடவிட்டேன். ஒன்றாம் குரல். இரண்டாம் குரல். மூன்றாவதுக்கு ஒரு அடிச்சுரம் கொடுத்தேன், அவன் காதுக்கு எட்டும்படி தாழ்வாக. ம்ம் என்று மேஜை அதிர்ந்தது. அவன் உள்ளங்கையை மேஜைமேல் வைத்துக்கொண்டான். ரொம்ப நேரம் கையை எடுக்கவில்லை. மெக்கானிக்கின் கதையை ஆரம்பித்தேன், மூட்டுவலி வரைக்கும் வந்துவிட்டேன். அவன் காதில் ஏறிய மாதிரி தெரியவில்லை. பதிவு செய்யலாமா என்றான். ஒலிப்பதிவுக் கருவிக்குப் போகிற ஒயரைப் பின்னால் செருக வேண்டும். இயந்திரத்தை அணைத்துவிட்டு, ஒயரை எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.

அவன் வாங்கவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியைப் பின்னால் நகர்த்தினான். பல்லோடு பல் பொருத்துகிற கைகள். முடி அகலத்துக்கு அளவு பார்ப்பவை.

"வேணாம் மாமா. நீங்களே செருகிடுங்க. நான் தொட்டா மறுபடியும் போயிடும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு என்னால் மெக்கானிக்கை உயிரோடு வைத்திருக்க முடியவில்லை.

"நீ எரிக்கலடா," என்றேன். "அது உன்னோட சிப்தான். நான் எடுத்தேன்."

"என்னது?"

"உன் சிப்பை நான் எடுத்துட்டேன்."

"சத்தமா சொல்லுங்க மாமா, இந்தப் பக்கம்."

வாழ்க்கையில் ஒரே ஒரு உண்மையைச் சொல்ல வாய்ப்பு வந்தது. அதையும் தெருவில் காய் விற்பவர்போல் கூவ வேண்டியதாயிற்று. எழுந்து அவன் இடது காதுப் பக்கம் போய், போட்டி, சட்டைப்பை, அவன் அப்பா என்று எல்லாவற்றையும் கத்திச் சொன்னேன். திரும்பினால் வாசலில் என் மனைவி நிற்கிறாள், ஈரக்கையோடு. சமையலறை வரைக்கும் கேட்டிருக்கிறது. மேல் மாடி வரைக்கும் கேட்டிருக்கும்.

துணி துவைக்கும் மெஷின் ஒரு சுற்று முடித்துத் தண்ணீரை வடித்தது.

"அப்பாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டான்.

தெரியாது என்று தலையாட்டினேன்.

"ஆஸ்பத்திரியில கடைசியா படுத்திருந்தாரே. அவர் ரேடியோவுக்கு பேட்டரி தீர்ந்து போச்சு. மாத்தித் தரேன்ப்பான்னேன். 'நீ விடுடா, உங்க மாமா வரட்டும்'னார்." இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினான். "ரெண்டு பேட்டரி."

எனக்கு ஞாபகம் இருந்தது. நான்தான் போய் மாற்றினேன். அவர் என் கையைப் பிடித்துத் தட்டிக்கொடுத்தார்.

"அவர் இருக்கும்போது சொல்லியிருக்கலாம் நீ," என்றான். 'நீங்க' போய்விட்டிருந்தது. கிண்ணத்திலிருந்து செத்த சிப்பை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். "உன் சாமான். எடுத்துக்கோ."

என் மனைவி என்னைப் பார்க்காமல், கொஞ்சம் வெளியே போய் நில்லுங்கள் என்றாள். போய் நின்றேன். செருப்புகளுக்குப் பக்கத்தில் முக்கால் மணி நேரம். உள்ளே அவள் குரல் கேட்டது, சொற்கள் கேட்கவில்லை. பிறகு அதுவும் இல்லை. மேல் மாடிக்காரர் படியிறங்கி வந்து, என்ன சார், சாவி மறந்துட்டீங்களா என்றார். ஆமாம் என்றேன். அந்தக் காலையில் நான் சொன்ன ஒரே பொய் அதுதான் என்று ஒரு கணக்கில் பெருமைப்படலாம், மூட்டுவலியைத் தள்ளிவிட்டால்.

கதவைத் திறந்தது அவன். பதிவுக்கு ஒரு காது வேண்டும், வா, என்றான். மன்னித்த குரல் இல்லை. பட்டறையில் உதவியாளைக் கூப்பிடுகிற குரல். நான் வெளியே நின்றிருந்தபோது ஒயர் செருகப்பட்டிருந்தது. யார் என்று நான் கேட்கவில்லை. என் மனைவி அவன் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே அவனுடைய பாட்டு எண்களாக மூன்று பத்தியில் இறங்கிக்கொண்டிருந்தது. முதல் இரண்டும் நிரம்பி வழிந்தன. மூன்றாவதில் மேலிருந்து கீழ்வரை வெறும் கோடுகள்.

ஒரு சுரம் போட்டான். கேக்குதா என்று என்னைக் கேட்டான். கேட்கிறது, அழகாக இருக்கிறது என்றேன். எனக்குக் கேக்கல, ரொம்ப மேல இருக்கு, என்று அழித்தான். கீழே இறக்கிப் போட்டான். இப்போது அவனுக்குக் கேட்டது, ஆனால் இரண்டாம் குரல் ஏற்கெனவே ஓடிவந்து பிடித்துவைத்திருந்த இடத்தில் போய் இடித்தது. அதையும் அழித்தான். நடுவில் ஒன்று போட்டான். எங்கே வைத்தாலும் அங்கே யாரோ ஏற்கெனவே வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு குரலுக்குள் மூன்று பேரின் வேலையை அவன் அவ்வளவு நெருக்கமாக அடைத்திருந்தான். பாட்டில் காலி இடமே இல்லை.

நான் அவசரப்பட்டு யோசனை சொன்னேன்: நாளைக்கு உட்கார்ந்து புதுசாக ஒன்று செய், மூன்று குரலுக்கும் சேர்த்து. அவன் திரையிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

"எனக்கு மூணா யோசிக்கத் தெரியாது," என்றான். "கத்துக்கற வயசுல எங்கிட்ட மூணாவது இல்லை."

என் மனைவி அவன் முதுகில் கையை வைத்தாள்.

"விடு. காலியாவே இருக்கட்டும்," என்று பதிவுப் பொத்தானை அழுத்தினான்.

ஹெட்போனை என்னிடம் தந்திருந்தான். பிசிறு கிசிறு வந்தால் கையைத் தூக்கிக் காட்ட வேண்டும், அதுதான் என் வேலை. வரவில்லை. பாட்டு மூன்று நிமிஷம் நாற்பது விநாடி. அவன் இடது காதை ஸ்பீக்கரில் ஒட்டிக் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். திரையின் அடியில் குரலுக்கு ஒன்றாக மூன்று பட்டைகள். இரண்டு ஏறி இறங்கிக் குதித்துக்கொண்டிருந்தன. மூன்றாவது, எந்தப் பழுதும் இல்லாமல், தரையோடு தரையாகக் கிடந்தது. நான் கடைசிவரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.