அக்கா சண்டை போடவில்லை

இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்த கையோடு எதிர்வீட்டு அக்கா அந்த வார்டில் “தங்கமான பேஷண்ட்” என்று பெயர் வாங்கிவிட்டாள். எங்கள் தெருவில் சொன்னால் ஒருவரும் நம்ப மாட்டார்கள். குப்பை வண்டிக்காரரிலிருந்து வீட்டு ஓனர் வரை அவள் வாயில் விழாதவர் கிடையாது.

போய்ப் பார்த்தேன். அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். பக்கத்தில் அவள் வீட்டுக்காரர், லாரி டிரைவர், ஆரஞ்சு உரித்துத் தானே தின்றுகொண்டிருந்தார்.

“ரொம்ப சமத்தா இருக்கா. நாளைக்கு டிஸ்சார்ஜ்.”

கல்யாணமான நாளிலிருந்து ஒரு பேச்சைப் பேசி முடிக்க மனுஷனுக்கு இப்போதுதான் கொடுத்துவைத்திருந்தது.

“அக்கா, மாடி வீட்டுக்காரி உங்க இஸ்திரிப் பெட்டியைத் தரமாட்டாளாமே,” என்று தூண்டில் போட்டேன்.

“பாவம், வச்சுக்கட்டும்,” என்றாள், கண்ணைத் திறக்காமலே.

நேரே நர்ஸிடம் போனேன்.

“அது எங்க அக்கா இல்லம்மா.”

நர்ஸ் சிரிக்கவில்லை. “எப்பவும் இப்படி இருக்க மாட்டாங்களா?” என்றபடியே எழுந்துவிட்டாள். அக்காவுக்கு மூக்குக் கண்ணாடியை மாட்டி, கிழமைகளை ஞாயிறிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொன்னாள். சனி, வெள்ளி வரை வந்த அக்கா கூரையைப் பார்த்து, “பஸ் வந்திருச்சா?” என்றாள்.

டிரைவர் கையில் சுளை அப்படியே நின்றது. “புத்தி பேதலிச்சிருச்சா?”

“இல்லைங்கய்யா. உடம்புல இருக்கிற ஏதோ கோளாறு மூளையைக் குழப்புது. கத்தி ரகளை பண்ணியிருந்தா உடனே தெரிஞ்சிருக்கும். சில பேருக்கு இப்படி சத்தமில்லாம வரும். நாங்களும் அசந்து தூங்குறாங்கன்னு நினைச்சுட்டோம். இப்படியே வீட்டுக்குப் போயிருந்தா ஆபத்து. காரணத்தைக் கண்டுபிடிச்சா பெரும்பாலும் தெளிஞ்சிரும்.”

டாக்டர் வந்தார். டிஸ்சார்ஜ் நின்றது. சிறுநீரில் தொற்று என்று தெரிந்து மருந்து ஏறியது. தூக்க மாத்திரையை நிறுத்தினார்கள். நர்ஸ் ஜன்னல் திரையை விலக்கி வெளிச்சம் விட்டாள். டிரைவருக்கும் வேலை வந்தது. தண்ணீர் குடிக்க வைக்க வேண்டும், இடமும் கிழமையும் சொல்ல வேண்டும், பழகிய குரலில் பேசிக்கொண்டே இருக்க வேண்டும்.

“பேசறதா? நானா? என்னத்தைப் பேச?”

அந்த வீட்டில் அது அவர் இலாகாவே இல்லை. தெருச் செய்திகளை நான்தான் சொல்லிக்கொடுத்தேன். ஒன்றாவது உருப்படியாக மண்டையில் ஏறினால்தானே. அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒப்பிப்பார்.

“இன்னிக்கு புதன். நீ ஆஸ்பத்திரியில இருக்க. நான் பக்கத்துலயே இருக்கேன். தையக்காரர் பொண்ணு மளிகைக் கடைக்காரர் மகனோட ஓடிப்போயிருச்சு.”

அவள் கண்ணை மூடிக்கொள்வாள். அவர் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்.

வெள்ளிக்கிழமை நான் போனபோதும் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

“...மளிகைக் கடைக்காரர் மகனோட...”

“அவருக்கு ஏது மகன்? ரெண்டும் பொண்ணு,” என்றாள் அக்கா. குரல் நூலாக இருந்தது. “யாரோட ஓடிச்சுன்னுகூட ஒழுங்கா கேட்டுட்டு வரத் துப்பில்ல.”

டிரைவர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு நாற்காலியை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“அப்ப எலக்ட்ரீஷியன் பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டுப் போனதாவது நிஜமா?” என்றார், திட்டு வாங்கத் தயாராக.